மூச்சைப்பிடிச் சித்தியின் டிரெய்லர்

நிலாவுக்கு ராக்கெட் விட்டவர்கள் ஆயிரம் பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விட்டார்கள். சிகரம் ஏறியவர்கள் மூட்டை தூக்க ஆள் வைத்துக்கொண்டு ஏறினார்கள். கடல் தாண்டிப் புது நாடு கண்டுபிடித்தவர்களுக்குக்கூடக் கரையில் கயிறு பிடிக்க நாலு பேர் இருந்தார்கள். ஆக, மனிதன் தோன்றிய நாளிலிருந்து இன்று வரை யாருடைய துணையும் இல்லாமல் ஒரு காரியத்தை முழுசாகச் செய்து முடித்த ஒரே ஆள் சித்திதான். பன்னிரண்டடி அலுமினியப் படகைத் தனியாக ஏரியில் இறக்கினாள். தனியாகவே திரும்ப டிரெய்லரில் ஏற்றினாள். சரித்திரப் புத்தகத்தில் இது இன்னும் வரவில்லை என்றால் அச்சடிக்கிறவர்கள் தூங்குகிறார்கள் என்று அர்த்தம்.

சித்தி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக ஜன்னலே இல்லாத அறை. கை உடைந்தவன், கால் உடைந்தவன், காசு விழுங்கிய பிள்ளை என்று யார் வந்தாலும் அவள் பேசுவது ஒரே வசனம்தான். "மூச்சை இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க." பிறகு தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று, "விடலாம்." இதற்காகவே ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சைப்பிடிச் சித்தி என்று பெயர். நோயாளி எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் வெள்ளை டேப் ஒட்டி வைத்திருப்பாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. செருப்பு விடும் இடத்தில் டேப், குப்பைக்கூடை வைக்கும் இடத்தில் டேப், சித்தப்பா நாற்காலியின் நாலு காலுக்கும் நாலு டேப். உட்கார்ந்திருக்கிற மனிதரின் நெற்றியில் ஒட்டாததுதான் பாக்கி.

சித்தப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். எவ்வளவு பெரிய பஸ்ஸையும் எவ்வளவு சின்ன சந்துக்குள்ளும் ரிவர்ஸ் எடுப்பார். அதை அவரே சொல்லுவார், தினமும், கேட்காவிட்டாலும். வேலையை விட்டபோது டெப்போவில் கொடுத்த விசில் இன்னும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைத் திருப்பினால்கூட அதை ஊதி வழிகாட்டுவார்.

வீட்டில் மூன்றாவதாகச் சித்தியின் அக்கா மகள் ஒருத்தி. படிப்பு ஏறவில்லை என்று சித்தியிடம் கொண்டுவந்து விடப்பட்டவள். இதை எழுதுவதும் அவள்தான். அவளைப் பற்றி இவ்வளவு போதும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சித்தியும் சித்தப்பாவும் படகை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். மீன் பிடிக்க என்று பெயர். மீன்கள் இதுவரை அதைப் பற்றிப் புகார் செய்ததில்லை. உண்மையில் சித்தி ஏரி நடுவில் மோட்டாரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். வாரம் முழுக்க ஊரார் மூச்சைப் பிடித்து வைக்கிறவள், தன் மூச்சை அங்கே போய்த்தான் விடுவாள்.

இறக்குவது இரண்டு பேர் வேலை. காங்கிரீட் சரிவில் சித்தப்பா காரைப் பின்னால் விடுவார், சித்தி கயிறு பிடிப்பாள். திரும்பும்போது சித்தி படகைக் கொண்டுவந்து நிறுத்துவாள், சித்தப்பா டிரெய்லரின் வின்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி மேலே இழுப்பார். நடுவில் நடக்கும் உரையாடலை இங்கே எழுத முடியாது, சின்னப் பிள்ளைகளும் படிப்பார்கள்.

போன வருஷம் சித்தப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆயிற்று. இனிமேல் தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது, கத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் நிம்மதி. அதே மாதம் பழைய டிரெய்லரும் அச்சு துருப்பிடித்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு யாரும் ஆபரேஷன் செய்யவில்லை.

"படகைக் குடுத்துடலாம்," என்றார் சித்தப்பா. "மருந்துக்கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"எதுக்குக் குடுக்கணும்? நான் ஒருத்தியே இறக்கிக்கிறேன்."

"நீ ஒருத்தியா? உனக்கு ரிவர்ஸ்னா பின்னாடி போறதுன்னு மட்டும்தான் தெரியும்."

"வேற என்ன இருக்கு அதுல?"

இந்தக் கேள்வியை முப்பது வருஷம் பஸ் ஓட்டியவரிடம் கேட்டால் வீட்டில் ஒரு நாள் பேச்சு இருக்காது. இருக்கவில்லை. மறுநாள் காலையில்தான் சித்தப்பா வாயைத் திறந்தார். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

"நீ அங்க தண்ணியில தனியா நிப்ப. நான் இங்க உட்கார்ந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா? யாரு வந்து விடலாம்னு சொல்லுவாங்க?"

 கடைசியில் சண்டை ஒப்பந்தமாக முடிந்தது. புது டிரெய்லர் வாங்கலாம். அவள் சித்தப்பா கண் முன்னால் ஒரே ஒரு தடவை, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, தனியாகச் செய்து காட்ட வேண்டும். யாரும் கயிற்றைத் தொடக்கூடாது, யாரிடமும் கேட்கக்கூடாது. முடிந்தால் படகு அவளுக்கு. முடியாவிட்டால் படகும் டிரெய்லரும் சேர்த்து மருந்துக்கடைக்காரருக்கு. அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவளை எழுப்புவதைவிடப் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது சுலபம்.

டிரெய்லர் கடைக்காரர் வாயில் தேனைத் தடவிக்கொண்டு பிறந்தவர். சித்தியைப் பார்த்ததும், "சார் வரலையா மேடம்?" என்றார்.

"சார் வந்தா நீங்க பேச முடியாது. காட்டுங்க."

வரிசையாக ரப்பர் உருளைகள் வைத்த டிரெய்லர் ஒன்றைக் காட்டினார். மேலே ஒரு மாதிரிப் படகும் இருந்தது. "தனியா இறக்குறவங்களுக்குன்னே செஞ்சது மேடம். உருளை மேல படகு உட்கார்ந்திருக்கும். கொக்கியைக் கழட்டிட்டு ஒரு விரலால தள்ளுங்க. வெண்ணெய் மாதிரிப் போயிடும்." ஒரு விரலால் தள்ளியும் காட்டினார். படகு ஓர் அடி நகர்ந்தது. கடைக்காரர், படகையும் தானே பெற்றவர் மாதிரி பூரித்தார்.

சித்தி உருளைகளைப் பார்த்தாள். நுரையீரல் படத்தைப் பார்க்கிற பார்வை.

"விரலால தள்ளினா போகுதுன்னா, விரல் இல்லாமலும் போகும்ல?"

"புரியல மேடம்."

"சரிவு மேல நின்னுக்கிட்டு நான் கொக்கியைக் கழட்டிடுறேன். தண்ணி இன்னும் பத்தடி தள்ளி இருக்கு. அப்ப படகு எனக்காகக் காத்திருக்குமா, இல்ல காங்கிரீட் மேல குதிச்சுடுமா?"

"கொக்கியை அங்க கழட்டக்கூடாது மேடம்."

"ஆடக்கூடாதுன்னு நான் இருபத்திரண்டு வருஷமா சொல்றேன். எல்லாரும் ஆடுறாங்க. எனக்கு ஆடாதது வேணும்."

அப்படித்தான் அவள் கம்பளப் பலகை வைத்த டிரெய்லருக்கு வந்தாள். இதில் உருளை கிடையாது. நீளவாக்கில் இரண்டு பலகை, மேலே முரட்டுக் கம்பளம் ஒட்டியிருக்கும். படகு அதன் மேல் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், உறவினர் வீட்டுக்கு வந்த பெரிய மாமா மாதிரி. தண்ணீரில் நன்றாக அமிழ்த்தினால்தான் எழுந்திருக்கும். "இறக்க இன்னும் ஆழமா போகணும் மேடம்," என்று கடைக்காரர் பயமுறுத்திப் பார்த்தார். "போறேன்," என்றாள் சித்தி. அதற்காகவே காரோடு மாட்டுகிற முன் தண்டு நீளமாக இருப்பதைக் கேட்டாள், கார் சக்கரம் நனையாமல் இருக்க. அந்தத் தண்டின் மேல் கால் வைத்து நடக்க ஒரு குறுகல் பலகை. பின்னால் இரண்டு பக்கமும் வெள்ளைக் குழாய்க் கம்பங்கள். கண்ணாடியில் டிரெய்லர் தெரியாவிட்டாலும் கம்பம் தெரியும், திரும்பி வருகிற படகும் நடுவில் வந்து சேரும்.

கடைசியாக வின்ச். பட்டையின் நுனியில் கொக்கி, சுற்றினால் டக் டக் என்று பல் பல்லாகப் பிடித்துக்கொள்ளும், கையை விட்டாலும் பின்னால் ஓடாது. சித்தி அதை வலது கையால் சுற்றினாள். பிறகு இடது கையால் சுற்றினாள்.

"எதுக்கு மேடம் இடது கை?"

"வலது கை உடைஞ்சு வர்றவங்கள நீங்க பார்த்ததில்ல."

கடைக்காரர் அன்று கடையைச் சீக்கிரம் மூடினார்.

இனி பயிற்சி. டிரெய்லர் மாட்டிய காரைப் பின்னால் விடுவது ஓர் அற்புதமான கலை. ஸ்டீயரிங்கை வலதுபக்கம் திருப்பினால் டிரெய்லர் இடதுபக்கம் போகும். சரி என்று இடதுபக்கம் திருப்பினால் காரும் டிரெய்லரும் கத்திரிக்கோல் மாதிரி மடிந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். மூன்று வாரம், வேலை முடிந்தபின் ஆஸ்பத்திரியின் பின்பக்க வாகன நிறுத்தத்தில், காலி வாளிகளை நட்டு வைத்து ஓட்டினாள் சித்தி. முதல் வாரம் எட்டு வாளி செத்தது. இரண்டாம் வாரம் இரண்டு. மூன்றாம் வாரம் வாட்ச்மேன் நாற்காலி ஒன்று, அது தப்பான இடத்தில் இருந்தது, டேப்புக்கு வெளியே.

ஓட்டம் வந்ததும், போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் ஏரிக்குப் போனாள். அக்கா மகள் பின் இருக்கையில் போர்வைக்குள் இருந்தாள், தூக்கத்தில் கடத்தப்பட்டிருந்தாள். டிரெய்லரின் மட்கார்டில் சித்தி ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தாள். தண்ணீர் டேப்பைத் தொட்டால் நிறுத்த வேண்டும், அதற்கு முன்னால் கொக்கியில் கை வைக்கக்கூடாது. தண்ணீர் தொட்டது. நிறுத்தினாள். கொக்கியைக் கழற்றித் தள்ளினாள்.

பெரிய மாமா எழுந்திருக்கவில்லை.

தோளால் தள்ளினாள். முதுகால் தள்ளினாள். கடைசியில் கால் வழுக்கி முழங்கால் காங்கிரீட்டில் தேய்ந்தது. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள்ளிருந்து பார்த்தவளுக்கு அவள் முகம் தெரியவில்லை, தோள் மட்டும் தெரிந்தது. அந்தத் தோளைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பிறகு சித்தி எழுந்து, டேப்பைப் பிய்த்து, நாலு விரல்கடை மேலே தள்ளி ஒட்டினாள். இன்னும் ஆழம் போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். காயத்துக்கு மருந்து வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் வாங்கினாள். மருந்துக்கடைக்காரர் பஞ்சைக் கொடுத்துக்கொண்டே, "நாளைக்கு நானும் வரலாம்ல?" என்று பாசமாகக் கேட்டார். படகைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகத் தோதாகப் புதுக் கயிறும் வாங்கி வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

சித்தி அன்று மாலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். சித்தப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மகள் வழக்கத்துக்கு விரோதமாக முக்கால் மணி நேரம் குளித்தாள். இது கதைக்குத் தேவையில்லாத விஷயம்.

ஞாயிறு. ஏரிக்கரையில் சித்தப்பா மடக்கு நாற்காலியில். பக்கத்தில் மருந்துக்கடைக்காரர், பெண் பார்க்க வந்தவர் மாதிரி சலவைச் சட்டையில். மதில் மேல் ஒருத்தி, கொட்டாவியுடன்.

"விசிலை எடுக்கக்கூடாது," என்றாள் சித்தி.

"எடுக்கல."

"கையையும் காட்டக்கூடாது."

சித்தப்பா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் சொன்னதைக்கூட அவர் இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை.

சித்தி படகின் வடிதுளை அடைப்பான் இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். முன்கயிற்றின் நுனியை வின்ச் கம்பத்தில் கட்டினாள். காரில் ஏறி, ஒரே மூச்சில், ஒரு மடிப்பு இல்லாமல், நேர்கோட்டில் சரிவில் இறங்கினாள். சித்தப்பாவின் வாய் திறந்தது. திரும்ப மூடிக்கொண்டது. முப்பது வருஷ அனுபவத்தில் அவர் யாரையும் பாராட்டியதில்லை, அதனால் எப்படிச் செய்வதென்று தெரியவில்லை.

தண்ணீர் டேப்பைத் தொட்டது. கை பிரேக். இறங்கினாள். தண்டுப் பலகை மேல் ஈரம் படாமல் நடந்தாள். கொக்கியைக் கழற்றினாள். தள்ளுவதற்காக மூச்சை இழுத்தாள்.

தள்ளுவதற்குப் படகு அங்கே இல்லை.

பலகையிலிருந்து அது பாய்ந்ததை ஏரியில் இருந்த வாத்துகள் இன்னும் பேசிக்கொள்கின்றன. முந்தின நாள் அசையாமல் உட்கார்ந்த அதே படகு, அதே கம்பளத்தின் மேலிருந்து, யாரோ விரட்டிய மாதிரி பின்னால் ஓடியது. கயிறு சுருள் சுருளாகப் பறந்தது. கம்பளப் பலகை அன்று மட்டும் ஏன் அப்படி வழுக்கியது என்பது விஞ்ஞானத்துக்கே விளங்காத மர்மம்; தயாரித்தவர்கள் குறையாக இருக்கலாம்.

மருந்துக்கடைக்காரர் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். "நான் பிடிக்கிறேன், நான் பிடிக்கிறேன்."

"தொடாதீங்க," என்றாள் சித்தி. "ஆடாம நில்லுங்க."

இருபத்திரண்டு வருஷக் குரல். மருந்துக்கடைக்காரர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறு நுனி வரைக்கும் போய், சுண்டி, படகைத் திருப்பிக் கொண்டுவந்தது. சித்தி அதை ஓரமாகக் கட்டிவிட்டு, காரை மேலே நிறுத்தி, படகில் ஏறி, ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "விடலாம்" என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

ஏற்றுவதுதான் வம்பு. டிரெய்லரைத் திரும்ப அதே டேப் வரை இறக்கி வைத்தாள். இரண்டு வெள்ளைக் கம்பத்துக்கு நடுவில் படகை அழகாக ஓட்டி, பலகை மேல் ஏற்றினாள். மோட்டாரை நிறுத்தி, கொக்கி மாட்ட முன்பக்கம் தவழ்ந்தாள். அவள் முன்னால் போகப் போகப் படகு பின்னால் போயிற்று. மறுபடி ஏற்றினாள். மறுபடி வழுக்கியது. மூன்றாவது தடவை அவள் கொக்கியை விரலால் தொட்டேவிட்டாள், அப்புறம் விரலையும் கொக்கியையும் ஓர் அடி தண்ணீர் பிரித்தது.

மருந்துக்கடைக்காரர் தன் புதுக் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார். சித்தப்பாவின் ஒரு கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சட்டைப் பையைத் தொட்டு, திரும்ப உள்ளே போனது. சித்தி படகில் நின்று கரையைப் பார்த்தாள். ஒருத்தர் முன்பக்கத்தைப் பிடித்தால் போதும், ஒரே ஒரு கை. "கொஞ்சம்..." என்று கேட்க அவள் வாய் திறந்த மாதிரிதான் இருந்தது. மதில் மேல் கொட்டாவி நின்றுவிட்டது.

சித்தி வாயை மூடினாள். பலகையைப் பார்த்தாள். நன்றாகக் குனிந்து பார்த்தாள். மூக்கால்கூடப் பார்த்தாள். பிறகு படகை விட்டு, முழங்காலளவு தண்ணீரில், காயத்தோடு இறங்கினாள். ஈரம் படாமல் நடக்கவென்றே தேடி வாங்கிய தண்டுப் பலகைக்கு அன்று ஓய்வு.

ஒரு கையில் முன்கயிறு. இன்னொரு கையால் வின்ச் பட்டையை நீளமாக இழுத்தாள். படகு மிதந்துகொண்டிருக்கும்போதே, பலகைக்கு வருவதற்கு முன்பே, அதன் மூக்கில் கொக்கியை மாட்டினாள். இனி அது வழுக்கினால் வழுக்கட்டும். வின்ச் கைப்பிடியைப் பிடித்தாள்.

டக். டக். டக்.

ஒவ்வொரு பல்லுக்கும் படகு ஒரு விரல்கடை மேலே வந்தது, திரும்பிப் போக வழியில்லாமல். வலது கை ஓய்ந்ததும் இடது கையால் சுற்றினாள். கரையில் சித்தப்பா உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை. படகின் மூக்கு வின்ச் கம்பத்தில் வந்து இடித்ததும் அவள் பட்டையைப் பூட்டி, காரில் ஏறி, எல்லாவற்றையும் சரிவின் மேலே கொண்டுவந்து நிறுத்தினாள்.

சித்தப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். டாக்டரை நினைத்து மெதுவாக, நீளமாக, ஒரே ஊது. டெப்போவில் அதற்கு 'வண்டி சேர்ந்தது' என்று அர்த்தம்.

"விடலாம்," என்றார்.

சித்தி விட்டாள். ஆபரேஷன் நாளிலிருந்து பிடித்து வைத்த மூச்சு அது. மருந்துக்கடைக்காரர் ஈரச் செருப்போடு, தன் கயிற்றைத் தானே சுருட்டிக்கொண்டு போனார்.

மகத்தான சாதனை இத்துடன் முடிந்தது. முற்றத்தில் படகை இறக்கி வைத்துவிட்டு சித்தி டிரெய்லரைக் கழுவக் குழாயைத் திறந்தாள். அக்கா மகள் படியில் உட்கார்ந்து, மறப்பதற்குள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கம்பளப் பலகையில் விழுந்தது. பலகை நுரைத்தது. சும்மா நுரைக்கவில்லை, கல்யாண வீட்டுத் துணி ஊறவைத்த மாதிரி முற்றம் முழுக்க நுரை. எலுமிச்சை வாசனை வேறு.

சித்தி குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டை வாங்கினாள். முதல் பத்தியில் லேசாகச் சிரித்தாள். பஸ் ஓட்டியவரைப் பற்றிய இடத்தில் உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். விஞ்ஞானத்துக்கே விளங்காத மர்மம் வந்ததும் நிறுத்தினாள்.

"மூச்சை இழு."

அக்கா மகள் இழுத்தாள். பழக்கதோஷம்.

"பிடி. ஆடாத. குளியலறையில புது எலுமிச்சை சோப்பு ரெண்டு வச்சிருந்தேன், எங்க?"

பதில் சொல்ல மூச்சு வேண்டும், மூச்சு பிடிபட்டிருந்தது.

"ஆடாம உட்காரட்டும்னு தேடித் தேடி வாங்கின பலகைக்கு சோப்பு போட்டிருக்க." சித்தி குரலைத் தணித்தாள், ஜன்னலுக்குள் சித்தப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது தடவை குனிஞ்சப்பவே வாசனை வந்துச்சு. அப்பவே சொல்லியிருந்தா போட்டி செல்லாதுன்னு அந்த மனுஷன் ஆரம்பிச்சிருப்பாரு."

"சித்தி, நேத்து நீங்க முழங்கால..."

"நீ போர்வைக்குள்ள தூங்கிட்டு இருந்தல்ல?"

சித்தி தன் முழங்கால் பஞ்சைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள், உள்ளே எலும்பு வரைக்கும் தெரிகிற பார்வை. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, மேலே பிரஷ்ஷை வைத்தாள்.

"ரெண்டு பலகையும் நுரை நிக்கிற வரைக்கும் தேய். அப்புறம் அந்த மர்மத்தை அடிச்சுட்டு, நடந்ததை எழுது. முக்கால் மணி நேரம் குளிச்சவ கழுத்துல ஏன் அழுக்கு போகலைங்கறதையும் சேர்த்து."